முன்னெழுத்து

கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
முதுநகரில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி அறையில்
காலையிலிருந்து எனக்கு ஒரே வரி:
கம்பைலர் கிடைக்கவில்லை.

நிரல் என்னுடையதல்ல.
ஓமனுக்குப் போன இளம்பரிதி எழுதியது.
பைத்தான் உடம்பு, நடுவில் நாற்பது வரி சி.
எந்தப் படகு, எத்தனை கூடை, ஏலத்தில் என்ன விலை,
எட்டு வருடக் கணக்கு.
பைத்தான் தனியே நடந்தால் ஒரு ராத்திரி.
அந்த நாற்பது வரி தூக்கிக்கொண்டு ஓடினால் நாலு நிமிடம்.
"என் மெஷின்ல ஓடுச்சே" என்று
மஸ்கட்டிலிருந்து குரல் அனுப்புகிறான்,
பின்னால் ஏசி இரைச்சல்.

கம்பைலரை இறக்கினேன். பாதையில் சேர்த்தேன்.
ஜன்னலை மூடித் திறந்தேன், கறுப்பு ஜன்னலை.
மர ஜன்னல் காற்றுக்குத் தானே மூடித் திறக்கிறது.
இப்போது வேறு பிழை.
வேறு பிழை என்றால் முன்னேற்றம்.
செயலாளர் ஜெகநாதன் எட்டிப் பார்த்து
"முடிஞ்சுதா?" என்கிறார்.
"வேற எரர் வருது சார்!"
என் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போகிறார்.

கம்பைலரே, எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.
இரண்டு பேர் கை தூக்கினார்கள்.
ஒருவன் இன்று காலை வந்தவன், அறுபத்து நாலு பிட்.
இன்னொருவன் ஏதோ பழைய வரைபட மென்பொருள்
விட்டுச் சென்றவன், முப்பத்திரண்டு.
ஏலத்தில் வஞ்சிரம் கேட்டால்
கானாங்கெளுத்திக் கூடையோடு முண்டியடிக்கிற ஆள் மாதிரி
வரிசையில் அவன்தான் முன்னால்.
பின்னுக்குத் தள்ளினேன்.

மறுபடியும் அதே பிழை.
தோற்றுப்போன முயற்சியை ஒரு கோப்புறையில்
பத்திரமாக வைத்திருந்து
கேட்கும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறது.
அழித்தேன்.

மின்சாரம் போனது.
கீழே ஐஸ் அரைக்கிற இயந்திரம் நின்ற பிறகுதான்
இவ்வளவு நேரம் அது ஓடியது காதில் விழுந்தது.
மடிக்கணினியில் முப்பத்தொரு சதவீதம்.

அறுபது வரி சிவப்பு.
காலையிலிருந்து கடைசி வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன்.
முடியவில்லை என்பதைத் தவிர
கடைசி வரிக்கு வேறு எதுவும் தெரியாது.
மேலே ஏறினேன். ஏறி ஏறி முதல் வரிக்கு வந்தால்
அமைதியாக உட்கார்ந்திருக்கிறது:
'கே' என்று கோப்போ கோப்புறையோ இல்லை.

கே.

கணினி வாங்கிய அன்று பெயர் கேட்டது.
ரேஷன் அட்டையில் எழுதுகிற மாதிரியே எழுதினேன்,
முன்னெழுத்து, ஓர் இடைவெளி, பெயர்.
கம்பைலர் இடைவெளி வரை வந்து நின்றுவிட்டது.
அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரியநாயகி இருப்பது
அதற்குத் தெரியாது.
காலையிலிருந்து அது தேடியது
கலியமூர்த்தியை.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
காரைக்கால் போய்விட்டு வருகிறேன் என்று போனார்,
எனக்கு அப்போது ஏழு வயது.
அம்மா இரண்டு வருடம் பஸ் நிலையம் பக்கமே சுற்றினாள்.
பிறகு பாதையிலிருந்து எடுத்துவிட்டாள்.
பெயரிலிருந்து எடுப்பதற்குத்தான்
கெசட், கையெழுத்து, கட்டணம்.

சி டிரைவின் வாசலிலேயே ஒரு புதுக் கோப்புறை,
'மீன்' என்று, ஆங்கிலத்தில் நாலே எழுத்து, ஒட்டியபடி.
நிரலையும், அது தற்காலிகமாகக் கட்டிப் பார்க்கிற இடத்தையும்
அங்கே மாற்றினேன்.
பன்னிரண்டு சதவீதம்.

ஓடியது.
பதினேழாவது வரியில் யாரும் தொடாத மாறி ஒன்று
சும்மா கிடக்கிறதாம். எச்சரிக்கைதான்.
"அஞ்சாம் நம்பர் ஏத்திட்டாங்களாம், கிளம்பும்மா"
என்று படியில் நின்று கத்துகிறார் ஜெகநாதன்.
அதுவும் எச்சரிக்கைதான். ஒரு நிமிஷம் சார்.

நிரலின் உச்சியில், கம்பைலர் படிக்காத இடத்தில்
தட்டச்சு செய்தேன்:
பிழை வந்தால் முதல் வரியைப் படிக்கவும்.
பெயரில் இடைவெளி விட வேண்டாம்.
இப்படிக்கு,
கே. பெரியநாயகி